பாம்புக்கடி: பக்கத்து சுகாதார நிலையமா, நேரா பெரிய ஆஸ்பத்திரியா?

வரப்புக்காரன் | 12 அக்டோபர் 2025, இரவு 9.40

ஊரிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையம் 6 கி.மீ. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி 55 கி.மீ. பாம்பு கடிச்சா எங்க போறது? சின்ன இடத்துல எப்படியும் "மேல கொண்டு போங்க"ன்னு சீட்டு எழுதிக் குடுத்துருவாங்க, அதனால நேரா பெருசுக்கே போயிடணும்னுதான் ஊர்ல பேச்சு. எனக்கும் அதுதான் சரின்னு படுது. இன்னொன்னு, எந்தப் பாம்புன்னு தெரியாம மருந்து போட மாட்டாங்களே. அதனால அடிச்சுப் பையில போட்டு எடுத்துட்டுப் போறது நல்லதுதானே? மழை ஆரம்பிச்சாச்சு, அறுவடையும் வருது. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

இரவுப்பணி | 12 அக்டோபர் 2025, இரவு 10.15

ரெண்டும் தப்பு.

பாம்பு வேண்டாம். இங்கே கிடைக்கிற விஷமுறிவு மருந்து நாலு பாம்புக்கும் சேர்த்துச் செஞ்சது: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். எது கடிச்சாலும் அதே குப்பிதான். மருந்து போடலாமா வேண்டாமான்னு முடிவு பண்றது நோயாளியோட உடம்பைப் பார்த்து: இமை தொங்குதா, ரத்தம் உறையுதா, வீக்கம் ஏறுதா. பாம்பை அடிக்கப் போய் ரெண்டாவது ஆளும் கடி வாங்கி வர்றது வழக்கமா நடக்குது. தலையை வெட்டினாலும் கொஞ்ச நேரம் வரைக்கும் அந்தத் தலை கடிக்கும், விஷமும் இறங்கும். தள்ளி நின்னு செல்போன்ல ஒரு படம் கிடைச்சா சரி, கிடைக்கலைன்னா கிளம்புங்க.

சுகாதார நிலையம் விஷயம் பெருசு. நாளைக்கு எழுதறேன்.

செதில் | 12 அக்டோபர் 2025, இரவு 10.52

படம் எடுத்தாலும் அதை நம்பி "விஷமில்லாதது"ன்னு யாரும் தீர்ப்பு சொல்லிடாதீங்க. கட்டுவிரியனுக்கும் வெள்ளிக்கோல் வரையனுக்கும் குழப்பம் ரொம்ப சகஜம். கட்டுவிரியன்ல வெள்ளைப் பட்டை கழுத்துல தெளிவா இருக்காது, கொஞ்சம் தள்ளி ஆரம்பிச்சு வாலுக்குப் போகப் போகத் தெளிவாகும், பெரும்பாலும் ரெண்டு ரெண்டா வரும். வரையன்ல நேர்மாறு: கழுத்துலயே ஆரம்பிக்கும், வால்பக்கம் மங்கிடும். முதுகு நடுவுல பெரிய அறுகோணச் செதில் வரிசை இருந்தா கட்டுவிரியன். ராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச் வெளிச்சத்துல செதில் எண்ணிட்டு இருக்க முடியாது, அதனால கடிச்சது எதுவா இருந்தாலும் ஆஸ்பத்திரி. சின்ன மண்ணுளியைக் கண்ணாடி விரியன்னு நினைச்சுப் பயப்படறது பரவாயில்லை. கண்ணாடி விரியன் குட்டியை மண்ணுளின்னு கையில எடுக்கறது இருக்கே, அதுதான் ஆபத்து.

இரவுப்பணி | 13 அக்டோபர் 2025, காலை 7.30

சொன்ன மாதிரி.

6 கி.மீ.க்குப் போங்க. காரணம் கணக்குல இருக்கு. கண்ணாடி விரியன் ஒரு கடியில சராசரியா 63 மி.கி. விஷம் இறக்கும்னு நம்ம சிகிச்சை வழிமுறையில கணக்கு. பொடியா வர்ற குப்பியை 10 மி.லி. தண்ணியில கரைச்சா, 1 மி.லி. கண்ணாடி விரியன் விஷம் 0.6 மி.கி.யை முறிக்கும். அப்ப ஒரு குப்பிக்கு 6 மி.கி., 10 குப்பிக்கு 60. முதல் டோஸ் 10 குப்பின்னு வெச்சது இதனாலதான். நல்ல பாம்புக்கும் 1 மி.லி.க்கு 0.6, கட்டுவிரியனுக்கும் சுருட்டைக்கும் 0.45.

இந்த 10 குப்பி சுகாதார நிலையத்துலயே ஏறிடணும். மருந்து முறிக்கறது ரத்தத்துல இன்னும் சுத்திக்கிட்டு இருக்கற விஷத்தை மட்டும். நரம்பு முனையில போய் உட்கார்ந்ததையும் சிறுநீரகத்துல ஏற்கெனவே பண்ணின சேதத்தையும் அது திருப்பி எடுக்காது. 55 கி.மீ. ஓட்டத்துல போற ஒன்றரை மணி நேரம் முழுக்க விஷத்துக்குத்தான் லாபம். சின்ன இடத்துல முதல் டோஸை ஆரம்பிச்சு, அதை ஏத்திக்கிட்டே 108-ல பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பறதுதான் சரியான வரிசை. "மேல கொண்டு போங்க"ன்னு எழுதறது தப்பில்ல, மருந்தைத் தொடாம எழுதறதுதான் தப்பு.

வரப்புக்காரன் | 13 அக்டோபர் 2025, காலை 8.05

அலர்ஜி வந்து ஆள் போயிடுவார்ங்கற பயத்துலதானே அங்க போட மாட்டேங்கறாங்க? முதல்ல தோல்ல ஒரு சொட்டு போட்டுப் பார்க்கலாமே?

மருத்துவர்_தெற்கு | 13 அக்டோபர் 2025, மதியம் 1.20

சோதனை ஊசி வேண்டாம். அது வரப்போகும் ஒவ்வாமையைச் சொல்லாது. அந்தச் சொட்டே ஒவ்வாமையைத் தூண்டிவிடலாம், நேரமும் போகும். குதிரைச் சீரத்தில் (குதிரை ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரில்) செய்த மருந்து என்பதால் எதிர்வினை வருவது அரிதல்ல. தயாராக இருந்தால் சமாளிக்கலாம், அந்தத் தயார்நிலைக்குச் சின்ன இடமே போதும்.

செய்முறை இப்படி. மருந்து தொடங்குவதற்கு முன்பே, கடும் ஒவ்வாமையை அடக்கும் அட்ரினலினை ஊசிக்குழலில் ஏற்றிக் கட்டிலருகே வைக்க வேண்டும். பெரியவர்களுக்கு 1:1000 கரைசலில் 0.5 மி.லி., குழந்தைக்குக் கிலோவுக்கு 0.01 மி.கி., தொடையின் வெளிப்பக்கத் தசையில். குப்பிகளைக் கரைக்கும்போது உருட்டிச் சுழற்ற வேண்டும், குலுக்கினால் நுரைத்துவிடும். பத்துக் குப்பியை ஒரே ஆள் கரைத்தால் அதற்கே நேரம் போய்விடும், இரண்டு மூன்று பேர் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை அது. கரைத்ததைச் சலைனில் கலந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் இறக்க வேண்டும். முதல் கால் மணி நேரம் பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டும்: அரிப்பு, தடிப்பு, வாந்தி, குளிர் நடுக்கம், மூச்சிரைப்பு, ரத்த அழுத்த வீழ்ச்சி. ஒன்று தென்பட்டாலும் மருந்தை நிறுத்தி அட்ரினலின் போட வேண்டும். தணிந்த பிறகு மெதுவாக அதே மருந்தைத் தொடர வேண்டும். பல இடங்களில் தவறு இங்கேதான் நடக்கிறது. நிறுத்தியவர்கள் மறுபடி தொடங்குவதில்லை.

குழந்தைக்கும் அதே 10 குப்பி. பாம்பு குழந்தை என்று பார்த்து விஷத்தைக் குறைத்து இறக்காது. சலைன் அளவை மட்டும் எடைக்குத் தக்கபடி குறைக்க வேண்டும். கர்ப்பிணிக்கும் அதே அளவுதான்.

யாழ்வாசி | 13 அக்டோபர் 2025, மாலை 6.48

ஒன்று சேர்க்க வேணும். இலங்கையிலும் இந்தியாவில் செய்த இதே மருந்துதான் நெடுங்காலம் பாவனையில் இருக்குது. எதிர்வினை கூட வாறதாலே, மருந்து தொடங்க முன்னம் 0.25 மி.கி. அட்ரினலினைத் தோலுக்கடியில் போடுற வழக்கம் இங்கே. 2011இல் வெளியான இலங்கை ஆய்வு ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளில் அதைப் பரீட்சித்துக் கடும் எதிர்வினை குறையுது என்று காட்டினது. வழமையாகக் குடுக்கிற ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டும் ஒவ்வாமை ஊசியும் அப்பிடிக் குறைக்கேல்லை.

மருத்துவர்_தெற்கு | 13 அக்டோபர் 2025, இரவு 9.02

ஆமாம், அந்த ஆய்வு வலுவானது. இருந்தாலும் இதயநோய், மிகை ரத்த அழுத்தம் உள்ள முதியவருக்கு யோசித்துத்தான் போட வேண்டும். ரத்தம் உறையாமல் இருப்பவருக்கு அட்ரினலின் ரத்த அழுத்தத்தை ஏற்றினால் மூளைக்குள் கசியலாம் என்ற கவலையும் உண்டு. அதனால்தான் 0.25 என்ற சிறிய அளவு.

செதில் | 14 அக்டோபர் 2025, காலை 6.15

பாம்புக்குப் பாம்பு கடிகாரம் வேற. ஊர்ல எல்லாரும் எல்லாத்தையும் "விஷம் தலைக்கு ஏறுது"ன்னு ஒரே கணக்குல பேசறாங்க.

கட்டுவிரியன்: ராத்திரி, தரையில படுத்திருக்கறவங்களை. பல்லு சின்னது, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும், சில பேருக்கு அடையாளமே தெரியாது. வீக்கம் கிடையாது. விடியக்காலையில வயித்துவலி, வாந்தி, அப்புறம் இமை தொங்கும், பேச்சு குழறும். "ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கலை"ன்னு சோடா குடிக்க வைப்பாங்க. மழைக்காலத்துல, தரையில படுத்து எழுந்தவருக்குக் காரணமில்லாத வயித்துவலியோட இமை தொங்கினா முதல்ல கட்டுவிரியன்னு நினைங்க.

நல்ல பாம்பு: கடிச்ச இடம் வலிக்கும், வீங்கும், கருத்துப்போகலாம். நரம்புக் கோளாறு அரை மணி நேரத்துலயே ஆரம்பிக்கலாம்.

கண்ணாடி விரியன்: வலியும் வீக்கமும் கடுமை. ஈறு, சிறுநீர், பழைய காயம் எங்க பார்த்தாலும் ரத்தம் கசியும். அப்புறம் சிறுநீரகம் கெடும்.

சுருட்டை: சின்ன உருவம், வறண்ட பக்கம், கல்லு முள்ளுல. ரத்தம் உறையாமப் பண்றதுதான் இதுக்கும் வேலை.

மருத்துவர்_தெற்கு | 14 அக்டோபர் 2025, மதியம் 2.30

செதில் பிரித்ததில் ஒரு இடைவெளி இருக்கிறது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கண்ணாடி விரியன் கடித்தவருக்கும் இமை தொங்கலாம். "இமை தொங்குகிறது, ஆகவே நாகம்" என்று ரத்தச் சோதனையை விட்டுவிடக் கூடாது.

கட்டுவிரியனை ஏன் தனியாகப் பேச வேண்டும் என்றால், அதன் விஷம் நரம்பு முனையையே உள்ளிருந்து பாழாக்குகிறது. முனை மறுபடி வளரும்வரை செயற்கைச் சுவாசம்தான் வழி, அது சில நாட்கள் நீளலாம். முடக்கம் முழுமையான பிறகு எத்தனை குப்பி ஊற்றினாலும் பயன் இல்லை. அதனால் நரம்புக் கடிக்கு (நரம்பைத் தாக்கும் பாம்பின் கடிக்கு) 10 குப்பி, தேவைப்பட்டால் ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு 10, அதோடு நிறுத்தம். நாக விஷம் நரம்பின் செய்தியைத் தசை வாங்கும் வாயிலை அடைக்கிறது, நரம்பை உடைப்பதில்லை. அங்கே அந்தச் செய்தியை வலுவாக்கும் நியோஸ்டிக்மின் என்ற மருந்து உதவும்: முதலில் அட்ரோபின் 0.6 மி.கி. சிரைவழி, பிறகு நியோஸ்டிக்மின் 1.5 முதல் 2 மி.கி. தசையில். தொங்கிய இமை உயர்ந்தால் அரை மணிக்கொரு முறை 0.5 மி.கி. தொடரலாம். ஒரு மணி நேரத்தில் மாற்றம் இல்லையென்றால் கட்டுவிரியனாக இருக்கலாம், அந்த மருந்தை விட்டுவிட வேண்டும்.

இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும். முழுமையாக முடங்கிய கட்டுவிரியன் நோயாளிக்குக் கண்மணி விரிந்து வெளிச்சத்துக்கு அசையாமல் நிற்கலாம். கை கால் அசையாது, கூப்பிட்டால் பதில் வராது. பார்க்க மூளைச்சாவு. உள்ளே முழு நினைவோடு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். கட்டில் பக்கத்தில் நின்று "இனிமே பிழைக்க மாட்டார்" என்று பேசுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளவும். காற்று கொடுத்துக்கொண்டே இருந்தால் முழுமையாக மீள்கிற நோய் இது.

கொல்லிமலைத்_தேன் | 14 அக்டோபர் 2025, மாலை 4.10

வேப்பிலையைக் கடிக்கச் சொல்லி, கசக்கலைன்னா விஷம் ஏறிடுச்சுன்னு பார்ப்பாங்களே, அதுல ஏதாவது இருக்கா? அப்புறம் சிரியாநங்கைப் பச்சிலை?

இரவுப்பணி | 14 அக்டோபர் 2025, மாலை 5.00

ஒன்னும் இல்ல. தொண்டைத் தசை தளர்ற ஆளுக்கு வாயில இலையைத் திணிச்சா அது மூச்சுக்குழாய்க்குத்தான் போகும். வாய்வழியா எதுவும் வேண்டாம், பால், சோடா, கஷாயம் எதுவும். பச்சிலையில குணமான கதையெல்லாம் பெரும்பாலும் விஷமில்லாத பாம்பு, இல்லைன்னா விஷப்பாம்பே விஷம் இறக்காமக் கடிச்ச வெறுங்கடி. ரெண்டும் நிறைய நடக்கும். அந்தப் பேரு வைத்தியருக்குப் போகும்.

வரப்புக்காரன் | 14 அக்டோபர் 2025, மாலை 5.25

கொம்பேறி மூக்கன் கடிச்சா என்ன பண்றது? கடிச்சுட்டு மரத்து மேல ஏறி சுடுகாட்டுல புகை வருதான்னு பார்க்குமாமே :)

செதில் | 14 அக்டோபர் 2025, மாலை 5.40

விஷமே இல்லாத பாம்பு அது. மரத்துல ஓணானும் தவளையும் தேடுது. புகையைப் பார்க்க அதுக்கு நேரம் கிடையாது.

இரவுப்பணி | 15 அக்டோபர் 2025, காலை 7.10

முதலுதவி இன்னும் யாரும் எழுதலை, அதனால.

கட்டு போடாதீங்க. கயிறு, துண்டு, பிளாஸ்டிக் வயர் எதுவும். கண்ணாடி விரியன், சுருட்டை கடியில கட்டினா விஷம் ஒரே இடத்துல தேங்கித் தசை அழுகும், காலை எடுக்க வேண்டி வரும். ஏற்கெனவே கட்டி வந்துட்டா பாதி வழியில அவிழ்க்காதீங்க. ஆஸ்பத்திரியில மருந்து ஓட ஆரம்பிச்சு, மூச்சுக்கு வழி தயாரா வெச்சுக்கிட்டு மெதுவா அவிழ்ப்பாங்க. திடீர்னு அவிழ்த்தா தேங்கின விஷம் ஒரேயடியா இறங்கி மூச்சு நின்னுடலாம்.

கீறாதீங்க, உறிஞ்சாதீங்க, ஐஸ் வைக்காதீங்க. மெட்டி, கொலுசு, மோதிரம், வளையல் உடனே கழட்டிடுங்க. வீங்கின பிறகு அறுத்துத்தான் எடுக்கணும். கை காலை எலும்பு முறிவுக்குக் கட்டற மாதிரி ஒரு கட்டை அல்லது அட்டை வெச்சு அசையாமத் தளர்வா சுத்துங்க, துணிக்கடியில விரல் நுழையணும். நடக்க விடாதீங்க, இடதுபக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. 108 வர நேரமாகும்னா பைக்கில நடுவுல உட்கார வெச்சு, பின்னாடி ஒருத்தர் பிடிச்சுக்கிட்டுப் போங்க. வீக்கம் எதுவரைக்கும் வந்திருக்குன்னு பேனாவால கோடு போட்டுப் பக்கத்துல மணியை எழுதுங்க. அந்தக் கோடு டாக்டருக்கு ரொம்ப உதவும்.

வலிக்கு டைக்ளோஃபெனாக், புரூஃபன், ஆஸ்பிரின் கூடாது, ரத்தக்கசிவைக் கூட்டும். பாராசிட்டமால் டாக்டர் பார்த்துக் குடுப்பார். மெடிக்கல் ஷாப்ல போய் "டி.டி. போடுங்க"ன்னு இடுப்புல ஊசி வாங்கறதும் வேண்டாம். உறையாத ரத்தம்னா அந்த ஊசி போட்ட இடத்துல உள்ளயே ரத்தம் கசிஞ்சு கட்டிக்கும்.

யாழ்வாசி | 15 அக்டோபர் 2025, மதியம் 12.35

அவுஸ்திரேலியாவிலே முழுக் கையையும் இறுக்கிப் பட்டி சுற்றச் சொல்லினம். அதைப் பார்த்திட்டு இங்கேயும் சிலர் செய்யினம்.

மருத்துவர்_தெற்கு | 15 அக்டோபர் 2025, மதியம் 1.50

அங்கே கடிப்பவை பெரும்பாலும் நரம்பு விஷப் பாம்புகள், கடித்த இடத்தில் சேதம் குறைவு. இங்கே பாதிக் கணக்கு கண்ணாடி விரியன், சுருட்டை வகையுடையது. அதோடு அந்தப் பட்டிக்குச் சரியான அழுத்தம் பயிற்சி இல்லாமல் வராது: தளர்ந்தால் பயனில்லை, இறுகினால் கட்டு போட்டது போலத்தான். நம் தேசிய வழிமுறையில் அது இல்லை. அசையாமல் வைத்தால் போதும்.

வரப்புக்காரன் | 17 அக்டோபர் 2025, இரவு 8.15

சுகாதார நிலையத்துல கேட்டுட்டேன். குப்பி இருக்கு. ராத்திரி செவிலியர் இருக்காங்க, டாக்டர் போன்ல. ஆனா ரத்தச் சோதனைக்குக் கண்ணாடிக் குழாய் இல்லையாம், பிளாஸ்டிக்தான் வருதாம். அது அவ்வளவு முக்கியமா?

மருத்துவர்_தெற்கு | 17 அக்டோபர் 2025, இரவு 10.30

முக்கியம். கண்ணாடி விரியன், சுருட்டை கடியில் முழு முடிவும் அந்தக் குழாயில் இருக்கிறது. 2 மி.லி. புதிய ரத்தத்தை உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் 20 நிமிடம் நிறுத்தி, ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். கட்டியாக நின்றால் சரி. தண்ணீராக ஓடினால் விஷம் வேலை செய்கிறது, மருந்து தொடங்கு.

உறைதலைத் தூண்டுவதே கண்ணாடியின் மேற்பரப்புதான். பிளாஸ்டிக்கில் ஆரோக்கியமான ரத்தமும் உறையாமல் நிற்கும், தேவையில்லாமல் மருந்து ஏறும். சோப்புத்தூள் போட்டுக் கழுவிய கண்ணாடியும் அதே பிழையைத் தரும். ஆகவே புதியது, உலர்ந்தது, கழுவாதது. பத்து நிமிடத்தில் எட்டிப் பார்த்துக் குலுக்குவதும் கெடுக்கும். சந்தேகம் வந்தால் கூட வந்த உறவினர் ஒருவரின் ரத்தத்தை இன்னொரு குழாயில் பக்கத்திலேயே வைத்துப் பாருங்கள்.

முதல் சோதனையில் உறைந்துவிட்டால் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. முதல் மூன்று மணி நேரம் அரை மணிக்கொரு முறை, பிறகு மணிக்கொரு முறை திரும்பச் செய்ய வேண்டும். மருந்து போட்ட பிறகு 6 மணி நேரம் கழித்துத்தான் அடுத்தது, ஏனென்றால் விஷம் முறிந்தாலும் தீர்ந்துபோன உறைபொருட்களைக் கல்லீரல் செய்து தர அவ்வளவு நேரம் பிடிக்கும். இரண்டு மணி நேரத்தில் பார்த்துவிட்டு "இன்னும் உறையலை" என்று அடுத்த 10 குப்பியை ஏற்றுவது வீண்.

ஒரு வேடிக்கை: கண்ணாடி விரியன் விஷம் ரத்த உறைபொருளைத் தூண்டுவதில் அவ்வளவு துல்லியம் என்பதால், லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்) தொடர்பான உறைதல் கோளாற்றைக் கண்டுபிடிக்கும் ஆய்வகச் சோதனைக்கு அதையே பயன்படுத்துகிறார்கள்.

கொல்லிமலைத்_தேன் | 18 அக்டோபர் 2025, காலை 9.20

இந்த மருந்துக்கான விஷம் எங்கிருந்து வருது? இருளர்கள்தான் எடுக்கறாங்கன்னு கேள்வி.

செதில் | 18 அக்டோபர் 2025, காலை 11.45

ஆமா. மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில 1978-ல ஆரம்பிச்ச இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். 1970கள்ல தோல் வியாபாரம் தடையான பிறகு வந்த மாற்று வேலை. பிடிச்ச பாம்பை மண்பானையில சில வாரம் வெச்சு, நாலு தடவை விஷம் எடுத்து, வயித்துச் செதில்ல அடையாளம் வெட்டித் திரும்பக் காட்டுல விடுவாங்க. நாட்டுல விஷமுறிவு மருந்து செய்யற கம்பெனிகளுக்கு நெடுங்காலமா விஷம் போறது பெரும்பாலும் இங்கிருந்துதான். 2023-ல வடிவேல் கோபால், மாசி சடையன் ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ குடுத்தாங்க.

இதுல ஒரு சிக்கல். ஒரே இனமா இருந்தாலும் இடத்துக்கு இடம் விஷம் மாறும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தினர் 2019-ல வெளியிட்ட ஆய்வுல, வடக்கு, வடகிழக்குப் பக்கத்துச் சில பாம்புகளுக்கு இந்த மருந்து சரியா வேலை செய்யலைன்னு வந்தது. நம்ம பக்கம் பாம்புக்கு நம்ம பக்கத்து விஷம்ங்கறதால நமக்கு அந்தக் கவலை குறைவு.

யாழ்வாசி | 18 அக்டோபர் 2025, இரவு 7.55

மூக்குத் தூக்கின குழிவிரியனுக்கு இந்த மருந்து கேக்காது. இலங்கையிலே அதன்ரை கடி மிகக் கூட. கேரளாவிலும் மேற்குத் தொடர்ச்சி மலைத் தோட்டங்களிலும் அதே பாம்பு இருக்குது. சுருட்டை என்று நினைச்சு மருந்து ஏத்தினால் ஒவ்வாமைதான் மிச்சம். ரத்தம் உறையாமல் போகலாம், சிறுநீரகம் பழுதாகலாம். சிறுநீர் அளவைப் பார்த்து, தேவையெண்டால் டயாலிசிஸ்.

செதில் | 18 அக்டோபர் 2025, இரவு 8.20

வால்பாறை, நீலகிரி தோட்டத்துல வேலை செய்யறவங்க கவனிக்க. பாம்பு படம் உண்மையிலேயே உதவற இடம் இது ஒன்னுதான். முதல் நாள் "படம் இல்லைன்னாலும் பரவாயில்லை"ன்னு வந்தது சமவெளிக்குச் சரி, மலைக்கு அப்படியே பொருந்தாது. அதுக்காக அங்கேயும் துரத்தாதீங்க.

இரவுப்பணி | 19 அக்டோபர் 2025, காலை 6.50

வரப்புக்காரனுக்கு: அடுத்து அங்க ஆம்பு பை இருக்கான்னு கேளுங்க, கையால அமுக்கிக் காத்து குடுக்கற பை. நரம்புக் கடியை அனுப்பும்போது அது வண்டியில இல்லைன்னா பாதி வழியில மூச்சு நின்னா ஒன்னும் பண்ண முடியாது. நோயாளியை ஒரே மூச்சில எண்ணச் சொல்லுங்க. கிளம்பும்போது 30 வரைக்கும் எண்ணினவர் 15-ல நிக்கறார்னா, தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியலைன்னா, பை கையில இருக்கணும்.

மேல அனுப்பும் இடமும் ஒன்னே இல்ல. இமை தொங்கினா வென்டிலேட்டர் இருக்கற இடம். ரத்தம் உறையலைன்னா டயாலிசிஸும் ரத்த வங்கியும் இருக்கற இடம். சீட்டுல கடிச்ச நேரம், போட்ட குப்பி எண்ணிக்கை, ஆரம்பிச்ச நேரம், குழாய் முடிவு நாலும் எழுதி வாங்கிக்கோங்க.

வரப்புக்காரன் | 19 அக்டோபர் 2025, காலை 9.00

சரி. 2024 நவம்பர்ல பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்கணும்னு தமிழ்நாட்டுல ஆணை வந்துச்சே, அதனால நமக்கு என்ன?

மருத்துவர்_தெற்கு | 19 அக்டோபர் 2025, மதியம் 12.10

எந்த வட்டாரத்தில் எத்தனை கடி என்று தெரிந்தால்தான் அங்கே எத்தனை குப்பி வைப்பது என்று முடிவு செய்ய முடியும். 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் இந்தியாவில் இறந்தார்கள் என்ற மதிப்பீடே வீடு வீடாகக் கேட்டு எடுத்த கணக்கிலிருந்து வந்தது, ஆஸ்பத்திரிப் பதிவேட்டிலிருந்து அல்ல. நிறையப் பேர் ஆஸ்பத்திரி வாசலைத் தொடாமலேயே இறக்கிறார்கள். 2030-க்குள் இதைப் பாதியாக்குவது மத்திய அரசின் 2024 திட்டத்தின் இலக்கு.

இரவுப்பணி | 21 அக்டோபர் 2025, இரவு 11.25

வீட்டுக்கு வந்த பிறகு பார்க்க வேண்டியது. மருந்து போட்ட ஒன்னு ரெண்டு வாரத்துல காய்ச்சல், மூட்டுவலி, அரிப்பு, தடிப்பு வரலாம். பாம்பு "திரும்ப வேலையைக் காட்டுது"ன்னு பூசாரிகிட்ட ஓட வேண்டாம், குதிரைச் சீரத்துக்கு உடம்பு தாமதமாக் காட்டற எதிர்ப்பு அது, அஞ்சாறு நாள் மாத்திரையில போயிடும். சிறுநீர் குறைஞ்சாலோ டீ நிறத்துல போனாலோ முகம் வீங்கினாலோ அன்னைக்கே போகணும், சிறுநீரகம் எப்படி இருக்குன்னு காட்டற கிரியாட்டினின் ரத்தச் சோதனை பார்க்கணும். கண்ணாடி விரியன் கடிச்சவங்க சிலருக்கு மாசக்கணக்குல கழிச்சு அசதி, ரத்த அழுத்தம் குறையறது, பெண்களுக்கு மாதவிலக்கு நின்னுபோறது வரும். மூளைக்கு அடியில ஹார்மோன் சுரக்கற பிட்யூட்டரி சுரப்பி கெட்டதால. டாக்டர்கிட்ட "எனக்கு அப்ப பாம்பு கடிச்சது"ன்னு நீங்களாவே சொன்னாத்தான் அவருக்கு அந்தப் பக்கம் யோசனை போகும்.